பகடி கட்டிய ஊரிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: மனுதாரர், ராஸ்தா பேட், புனே.

பெறுநர்: பொறுப்பு அதிகாரி அவர்கள், புனே. (அலுவலகத்தின் பெயர் காலியாக இருப்பதற்கான காரணம் மனுவின் பிற்பகுதியில்.)

பொருள்: 300 சொல்லில் கட்டுரை எழுதித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சிறார் நீதி வாரியத்தின் ஜாமீன் உத்தரவு, நாள் 19.05.2024.

ஐயா,

மனுதாரர் தமிழர். தாத்தா காலத்தில் கட்கிப் பட்டாளத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். பேரம் மராத்தியில், மனு தமிழில் என்பது வீட்டு வழக்கம். தமிழில் பகடி என்றால் கேலி. புனேக்காரருக்குப் பகடி என்றால் தலைப்பாகை. 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம் பகடிக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்கிற ரகத்தில் வாசலுக்கு வாசல் பலகை மாட்டிவைக்கும் ஊர் இது. தாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இம்மனு.

முதலில் பார்வையில் கண்ட உத்தரவு. 2024 மே 19 விடியுமுன் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிள் மீது மோதி, இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 17. காருக்கு நிரந்தரப் பதிவு இல்லை. கட்ட வேண்டிய 1,758 ரூபாய் கட்டப்படவில்லை. பல கோடி ரூபாய் காரை ரோட்டில் விடுவதற்கு ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் காசு தடையாக நின்றது, அந்தத் தடையையும் யாரும் கவனிக்கவில்லை. சில மணி நேரத்தில் ஜாமீன். சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது, கொதித்ததில் நியாயம் இருந்தது. பிறகு உத்தரவு மாற்றப்பட்டது. ரத்த மாதிரியை மாற்றியதாக சசூன் அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள். அக்டோபரில் வாரிய உறுப்பினர் இருவரை மாநில அரசு நீக்கியது. இத்தனைக்கும் நடுவில், ஜூலையில், அந்தப் பையன் கட்டுரையைக் கொடுத்துவிட்டான்.

மனுதாரர் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டார். புனேயின் ரோடு, ரயில், விமானம் விவகாரத்தில் 'எழுதிக் கொடு' என்று சொல்லி, கெடு வைத்து, எழுதி வாங்கப்பட்ட விளக்கம் அவருக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பதினேழு வயதுக்காரன் எழுதும்போது, முப்பது வருடம் சர்வீஸ் போட்டவர்கள் எழுதக்கூடாதா? தலைப்புகளை மனுதாரரே தருகிறார்.

தலைப்பு ஒன்று: திறப்பு விழாவுக்கும் திறப்புக்கும் உள்ள வேறுபாடு.

2024 மார்ச் 10 அன்று பிரதமர் ஆசம்கரில் இருந்தபடியே லோஹேகாவ் விமான நிலையத்தின் புது முனையத்தைத் திறந்துவைத்தார். அடுத்த வாரமே மக்களவைத் தேர்தல் தேதி வந்தது. முதல் பயணி அந்த முனையத்துக்குள் காலெடுத்து வைத்தது ஜூலை 14. நான்கு மாதம் நான்கு நாள். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு ஆள் ஒதுக்கீடு ஆகவில்லை என்றார்கள். வீடு கட்டி, கிரகப்பிரவேசம் நடத்தி, பால் காய்ச்சி, சாவி எங்கே என்று நான்கு மாதம் தேடிய கதை. கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா என்பதற்கு 300 சொல் தாராளம். (ஆள் போட்ட பிறகும் 2025 ஏப்ரலில் ஒரு சிறுத்தை போர்டிங் பாஸ் இல்லாமல் ஓடுதளப் பக்கம் உலாவியது. அதைப் பிடிக்க டிசம்பர் ஆனது. சிறுத்தையிடம் கட்டுரை கேட்கும் உத்தேசம் இல்லை.)

இதே தலைப்பில் இன்னொரு சம்பவத்தையும் மனுதாரர் விடமாட்டார். 2024 செப்டம்பர் 26, மாவட்ட நீதிமன்றம் முதல் ஸ்வார்கேட் வரை சுரங்க மெட்ரோவைப் பிரதமர் நேரில் வந்து திறப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் பேய் மழை. மைதானம் சேறாகி, விழா ரத்தாயிற்று. விழாவோடு ரயிலும் ரத்து. மழை பெய்தது மேலே. ரயில் ஓட வேண்டியது மண்ணுக்கு அடியில். வண்டி தயார், டிரைவர் தயார், தண்டவாளம் நனையவில்லை. கொடியசைக்கும் கை மட்டும் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் போராடினார்கள். 29-ம் தேதி காணொலியில் திறப்பு நடந்தது. காணொலியில் திறக்கலாம் என்பது மார்ச்சிலேயே தெரிந்திருந்த கலைதானே, 26-ம் தேதி ஏன் மறந்துபோயிற்று என்பதையும் அதே கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

ரத்தான அந்த விழாவுக்கு ஆறு நாள் முன்னால் நடந்ததை நகரமே செல்போனில் பார்த்தது. புதவார் பேட்டில் சிட்டி போஸ்ட் ஆபீஸ் வளாகம். சாக்கடை அடைப்பெடுக்க வந்த மாநகராட்சி லாரி ஒன்று. பேவர் பிளாக் பதித்த தரை முதலில் லேசாகக் குழிகிறது; பின் சக்கரம் இறங்குகிறது; லாரி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கிணற்றில் வாளி இறங்குவது போல நேராக உள்ளே போகிறது. டிரைவர் குதித்துத் தப்பினார். கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அடியில் பழைய கிணறு ஒன்று இருந்ததாம். பேஷ்வா காலத்துப் பேட்டையில் பழைய கிணறு இருப்பது அதிசயமில்லை. அதன் மேல் கல் பதித்தவருக்கு, பதிக்கச் சொன்னவருக்கு, அளந்து பில் போட்டவருக்கு, ஒருவருக்கும் அது தெரியாமல் இருந்ததுதான் அதிசயம். 'எனக்குக் கீழே என்ன இருக்கிறது' என்று இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கலாம்.

அடுத்தது சாந்தனி சௌக். பல வருடமாக அங்கே நெரிசலில் நின்றவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 2022 ஆகஸ்டில் முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயின் வண்டியே அங்கே மாட்டிக்கொண்டது. அக்டோபர் 2 அதிகாலை பழைய பாலத்துக்கு 600 கிலோ வெடிமருந்து வைத்தாயிற்று. பல வருட மனுக்கள் செய்யாததை ஒரு முதல்வரின் காத்திருப்பு இரண்டு மாதத்துக்குள் செய்தது. ஆகவே ஸ்வார்கேட்டிலும் ஹடப்ஸரிலும் வாரம் ஒரு மந்திரியைச் சுழற்சி முறையில் நெரிசலில் நிறுத்திவைக்கலாம் என்பது மனுதாரரின் தாழ்மையான யோசனை. செலவும் அதிகமில்லை. பாலம் அன்றைக்கு முழுசாக விழவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நொய்டாவின் இரட்டைக் கோபுரத்தைச் சில விநாடியில் தரைமட்டமாக்கிய அதே கம்பெனிதான் வைத்தது வெடி. கோபுரம் விழுந்தது, புனே பாலம் நின்றது. மிச்சத்தை இயந்திரம் வைத்து இடித்தார்கள். 'இவ்வளவு பலமாக இருந்ததை ஏன் இடித்தீர்கள்' என்று கேட்காத டீக்கடை அன்று இல்லை. 2023 ஆகஸ்டில் புதிய மேம்பாலங்கள் திறந்தன. நடந்து போகிறவர் எப்படிக் கடப்பார் என்ற யோசனை விழா முடிந்த பிறகே வந்தது.

இடிப்பதில் இந்த ஊருக்குக் கைராசி உண்டு. பல்கலைக்கழக சௌக்கில் கட்டி பதினைந்து வருடம்கூட ஆகாத மேம்பாலத்தை, மெட்ரோவுக்கு இடம் வேண்டும் என்று 2020-ல் தட்டிவிட்டார்கள். அந்த வழியே ஓட வேண்டிய ஹிஞ்சவாடி–சிவாஜிநகர் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியது 2018 டிசம்பரில். 23 கிலோமீட்டர். 2025 மார்ச் என்ற கெடு, ஹிஞ்சவாடி கம்பெனிகளில் சொல்லும் பாஷையில், 'எஸ்கலேட்' ஆகிவிட்டது.

ரயில்வேக்குச் சின்னக் கட்டுரை போதும். புனே–லோணாவாலா லோக்கல் ஓடத் தொடங்கியது 1978-ல்; கூடுதல் தடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் நரை விழுந்துவிட்டது. அதை விடலாம். 235 கிலோமீட்டரில் புனே–நாசிக் மித அதிவேக ரயில் என்று வரைபடம் போட்டு, சில கிராமங்களில் நிலமும் வாங்கிய பிறகு, வழியில் கோடத் கிராமத்தில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, ரயில் போனால் அதன் காதுக்கு இடைஞ்சல் என்று பாதையை மாற்றினார்கள். காரணம் முற்றிலும் சரி. ஆனால் அங்கே இருப்பது குண்டூசி அல்ல. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்கள், வானத்தைப் பார்த்தபடி 1990-களிலிருந்து நிற்கின்றன. விண்வெளியின் எந்த மூலையிலிருந்தோ வரும் முனகலை அவை கேட்டுவிட்டன. நாராயண்காவ் பக்கத்தில் நிற்கும் அவற்றை வரைபடம் போட்டவர்கள் பார்க்கவில்லை.

சென்னையில் இதைப் படிக்கும் உறவினர்கள் சிரிக்க வேண்டாம். 2007-ல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயில், பரங்கிமலைக்கான அடுத்த ஐந்து கிலோமீட்டரைத் தொட பதினைந்து வருடம் தாண்டியும் திணறியதை மனுதாரர் அறிவார். புரந்தரில் ஏழு கிராமத்தார் புது விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று நின்றபோது, பரந்தூரில் ஏகனாபுரத்தாரும் அப்படியே நின்றது அவருக்குத் தெரியும்.

நவலே பாலம் பற்றி எழுதும்போது மட்டும் மனுதாரருக்குக் கேலி வரவில்லை. காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நீண்ட சரிவு. டீசல் மிச்சம் பிடிக்கச் சில லாரிகள் நியூட்ரலில் உருள்கின்றன, கீழே வரும்போது பிரேக் கேட்பதில்லை. 2022 நவம்பரில் ஒரு லாரி வரிசையாகப் பல வண்டிகளை நசுக்கியது. 2025 நவம்பரில் மறுபடி. எட்டுப் பேர் உயிர் போயிற்று. இடைப்பட்ட மூன்று வருடத்தில் அந்தச் சரிவு ஒரு அடியும் குறையவில்லை. இதற்கு 300 சொல் போதாது என்றால் கூடுதல் தாள் வாங்கிக்கொள்ளலாம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 புத்தாண்டிலிருந்து போலீஸ் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, அதை எதிர்த்து ஒரு கமிட்டியே அமைத்து ஊர்வலம் போன ஊர் இது. தலைக்குத் தலைப்பாகை போதும் என்ற எண்ணம் போல. ஆகவே கட்டுரையில் மக்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கத் தடையில்லை.

இனி, பெறுநர் இடம் ஏன் காலி என்ற விஷயம். ரோட்டுக்கு மட்டும் புனே மாநகராட்சி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, பிஎம்ஆர்டிஏ என்கிற பெருநகர வளர்ச்சி ஆணையம், பொதுப்பணித் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், போதாததற்கு மூன்று கன்டோன்மென்ட். விமான நிலையத்தில் ஓடுதளம் விமானப்படையுடையது, முனையம் விமான நிலைய ஆணையத்துடையது. மெட்ரோவில் இரண்டு தடம் மகாமெட்ரோ, மூன்றாவது பிஎம்ஆர்டிஏ. குழி யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள். ரிப்பன் யாருடையது என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் கை நீள்கிறது. கல்வெட்டில் பெயர் எழுத இடம் போதவில்லை. மாநகராட்சியில் வார்டு கவுன்சிலரையாவது பிடிக்கலாம் என்றால், 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் நடக்க 2026 ஜனவரி ஆனது. நடுவில் ஆண்டது நிர்வாக அதிகாரி. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இன்னொருவர் நாற்காலியைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவர் பெயருக்குப் பக்கத்தில் '(பொ)' என்று போடுவார்கள். பொறுப்பு என்று அர்த்தம். அடைப்புக்குறிக்குள் இருப்பதால் அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. உறையின் மேல் மனுதாரரும் அப்படியே எழுதியிருக்கிறார்: பெறுநர், புனே (பொ).

இப்படிக்கு,
மனுதாரர்.

பின்குறிப்பு (உறையின் முதுகில்): மனுவை சிட்டி போஸ்டில் சேர்க்கப் போனபோது மனுதாரர் பேவர் பிளாக் மேல் நடக்காமல் சுவரோரமாகவே போனார். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காகா, பெயர் இல்லை, ஆபீஸ் இல்லை, பின்கோடும் இல்லை. ஸ்பீட் போஸ்ட் போகாது" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மனுதாரர் பேனாவை வாங்கி, பெறுநர் இடத்திலும் தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்தார். வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க ஒரு ஆளாவது இருப்பாரே. ரசீது பத்திரமாக இருக்கிறது.