திண்ணை வாசகர் வட்டத்துக்கு

பிராண்டெ, டென்மார்க்
ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கும், அக்காவைச் சுற்றித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களுக்கும்,

போன தை மாசம் முதல் கடிதத்தை ஆச்சிக்காகத்தான் எழுதினேன். போனில் நான் "இங்கே குளிர் ஆச்சி" என்றால், "குயிலா? அங்கேயும் குயில் உண்டா மக்கா?" என்று கேட்பாள். அதனால் தாளில் எழுதி அனுப்பினேன். நீ அதை வாசித்துக் காட்டியதுதான் வினை. ஆச்சிக்குக் கேட்கிற சத்தத்தில் வாசித்தால் தெருவுக்குக் கேட்காமல் போகுமா?

ஒரு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறது பார். முதலில் ஆச்சி, அம்மா, நீ. அடுத்து எதிர்வீட்டுத் தையல்காரச் சித்தி, கையில் ஜாக்கெட் துணியோடு. பிறகு டீக்கடை அண்ணாச்சி, ரிட்டையர்டு வரலாற்று வாத்தியார், ரெண்டு காலேஜ் பையன்கள். இப்போது தபால்காரரே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் நகர்கிறாராம். என் கடிதம் வந்தால் கீழத்தெருவுக்குத் தபால் தாமதம் என்று நீ எழுதியிருந்தாய். ஆரல்வாய்மொழியில் இத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால், எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போகிறது.

ஆனால் கஷ்டமும் இருக்கிறது. அம்மா ஒருத்திக்கு எழுதினால் "நல்லா சாப்பிடுகிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். திண்ணை விடாது. என்ன சாப்பிடுகிறாய், யார் வைத்தது, புளி எங்கே கிடைத்தது என்று அடுத்த வாரமே கேள்வி வருகிறது. சரி, சொல்கிறேன். மத்தியானம் ஆபீஸில் கம்பு மாவில் சுட்டதுபோல் கறுத்த ரொட்டி. மேலே பன்றி ஈரல் அரைத்த களிம்பைத் தடவித் தருவார்கள். இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் கட்டுச்சோறு. ராத்திரிக்கு நானே தீயல் வைக்கிறேன். தேங்காயும் சின்ன வெங்காயமும் பக்கத்து ஊரான ஹெர்னிங்கில் கிடைக்கும். எண்பதுகளில் சண்டைக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். பிராண்டெயிலேயே அபிராமி அம்மன் கோயில் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, "சுகமா இருக்கிறியளோ தம்பி?" என்று கேட்டு ஒரு டப்பா கறித்தூள் கையில் திணித்துவிடுவார். அம்மா நிம்மதியாகத் தூங்கலாம்.

அண்ணாச்சி கேட்ட விலைவாசி: கடையில் ஒரு காபி நாற்பது குரோனருக்குக் குறையாது. நம் பணத்தில் ஐந்நூறுக்கு மேல். இதைப் போன கடிதத்தில் எழுதினதும் அண்ணாச்சி மறுநாளே டீக்கு ரெண்டு ரூபாய் ஏற்றிவிட்டு, "டென்மார்க்கோடு பார்த்தால் நான் தர்மம் பண்ணுகிறேன்" என்றாராமே. இனிமேல் விலை எதையும் எழுதுவதாக இல்லை.

சித்தி கேட்டது நிஜம்தான். இங்கே பச்சைப் பிள்ளைகளைக் குளிரில் வீட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் தூங்கப் போடுகிறார்கள். கொடுமை இல்லை சித்தி, அப்படித் தூங்கினால் நல்லது என்று நம்புகிறார்கள். பிள்ளை கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்கும். தாய் உள்ளே காபி குடிப்பாள், அந்த ஐந்நூறு ரூபாய்க் காபி.

காலேஜ் பையன்களுக்கு: வேலை காற்றாலையில்தான். முப்பந்தல் காற்றில் பறந்த தொப்பியைத் துரத்தி வளர்ந்தவனுக்கு இங்கே காற்று புதிதில்லை. இந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கும் மேலே காற்றிலிருந்து வருகிறது. கடலுக்குள்ளே காற்றாலைப் பண்ணை அமைத்த முதல் நாடும் இதுதான், 1991இல், விண்டெபியில், பதினொரு காற்றாலைகள். மலை என்று ஒன்று மட்டும் கிடையாது. 147 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதற்கு வானமலை என்று பெயர் வைத்து, மேலே கோபுரம் கட்டி, குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். மகேந்திரகிரியை ஒருதரம் காட்டினால் பாவம், பயந்துபோவார்கள்.

இப்போது முக்கியமான சேதி. தபால்காரர் உட்கார்ந்து கேட்கட்டும். டென்மார்க்கில் அஞ்சல் துறை கடிதம் கொண்டு கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2025 டிசம்பர் 30தான் கடைசி நாள். 1624இல் நான்காம் கிறிஸ்டியான் மன்னர் தொடங்கிவைத்த வேலை. நானூறு வருஷம் ஓடி நின்றது. 2000ஆம் ஆண்டுவாக்கில் வருஷத்துக்கு நூற்று நாற்பது கோடிக் கடிதம் போனதாம். 2024இல் பதினொரு கோடிதான். உள்ளூர்க் கடிதம் ஒன்றுக்கே 29 குரோனர் தபால்தலை ஒட்டச் சொன்னால் யார் எழுதுவார்கள்? அரசாங்கக் கடிதாசு எல்லாம் போனுக்கே வந்துவிடுகிறது. மூலைக்கு மூலை நின்ற ஆயிரத்தைந்நூறு சிவப்புத் தபால்பெட்டிகளைப் பிடுங்கி, அதில் நிறையப் பெட்டிகளைத் தர்ம காரியத்துக்கென்று விற்றார்கள். பெட்டி ஒன்று ரெண்டாயிரம் குரோனர் வரைக்கும். சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது! கடிதம் போட ஆளில்லை, பெட்டி வாங்க அடிதடி. இனிக் கடிதம் அனுப்ப வேண்டுமென்றால் வேறொரு கம்பெனியிடம், கடையில் கொண்டு போய்க் கொடுக்கணும். இந்தக் கடிதத்தை சென்னைக்கு வருகிற ஒரு பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அங்கே பெட்டியில் போட்டுவிடுவான்.

அறுபது லட்சம் பேர் இருக்கிற நாட்டில் கடிதத்துக்கு வாசகர் இல்லை. ஆரல்வாய்மொழித் திண்ணையில் இடம் போதவில்லை. எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

வாத்தியார் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. தரங்கம்பாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தபாலைத் தொடங்கின அதே நான்காம் கிறிஸ்டியான் காலத்தில்தான், 1620இல், டென்மார்க்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார்கள். எல்லாம் மிளகுக்காக. 1845இல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706இல் டென்மார்க் ராஜா அனுப்பி வந்த சீகன்பால்க் பாதிரியார் அங்கிருந்து ஊருக்கு எழுதின கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் 1710 முதல் அச்சடித்துப் போட, ஐரோப்பாவே வாசித்திருக்கிறது. தமிழர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிக் கல்யாணம் பண்ணுகிறார்கள் என்று அங்கிருந்தும் கேள்வி மேல் கேள்வி. அவர் தமிழர்களிடமே எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார். நம் சித்தி கேட்கிற கேள்விகள்தான், திசைதான் மாறியிருக்கிறது. ஒரு வித்தியாசம், அவரைத் தரங்கம்பாடி டேனிஷ் அதிகாரி 1708இல் பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்தான். என் வாசகர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மிளகு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இந்த நாட்டில் இருபத்தைந்து வயதில் கல்யாணம் ஆகாமல் இருந்தால், பிறந்தநாளன்று கூட்டாளிகள் விளக்குக் கம்பத்தில் கட்டி, தண்ணீர் ஊற்றி, தலையோடு கால் பட்டைத் தூளைக் கொட்டுவார்கள். முப்பதிலும் ஆகாவிட்டால் மிளகுத்தூள். வீட்டு வாசலில் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி ஆள் உயரத்துக்கு ஒரு மிளகுக் குப்பியும் நட்டுவிடுவார்கள், தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி. நம் ஊரில் இதே காரியத்தைச் சொந்தக்காரர்கள் வாயாலேயே செய்துவிடுவதால் சாமான் செலவு இல்லை. வருகிற ஆவணியில் எனக்கு முப்பது. ஆபீஸில் ரெண்டு பேர் இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் நம் கடற்கரையிலிருந்து கொண்டுபோனதைத் திருப்பித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா, இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் சத்தமாக வாசிக்காதே. அம்மா காதில் விழுந்தால் அடுத்த கடிதத்தில் கேள்விக்குப் பதிலாக ஜாதகம்தான் வரும். ஏற்கெனவே வாசித்துவிட்டாய் என்றால், ஒரு உதவி செய். வருகிற ஜாதகங்களை நீயே பார்த்து, நல்லதாக ஒன்றை மட்டும் அனுப்பு.

உன் தம்பி