பேராண்டிக்கு ஒரு கைத்தறி யோசனை

வாடா பேராண்டி! கைத்தறி தினம், எல்லாரும் வேட்டியில வரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாமே? எம்.சி. ரோட்டுக்குப் போய் மொடமொடன்னு ஒண்ணு வாங்கிக் கட்டிக்கினு, போட்டோவும் புடிச்சாச்சு. நெசவாளி பொழைச்சான் போ! இங்க வா, அந்தக் கரைய வெளிச்சத்துல காட்டு. தறியில துணி சுருங்காம அகலமா இழுத்துப் புடிக்க ஒரு கழி வெப்பாங்க. அதோட முனை குத்துன பொட்டு ஓட்டை கரையோரமா வரிசையா தெரியும். உன் வேட்டியில தெரியுதா? தெரியாது. மிஷினு ஓட்டுன துணிடா அது. சரி வுடு, போட்டோவுல அதெல்லாம் விழாது.

நம்ம காலடிப்பேட்டை உனக்கு மெட்ரோ ஸ்டேஷன் பேரு, அவ்ளோதான். 1717-ல கோட்டைக்கு கவர்னரா வந்த ஜோசப் காலட் துரை, நெசவுக்காரங்களக் கூட்டியாந்து குடி வெச்ச ஊரு இது. அப்புறம் 1734-ல வியாபாரி சுங்குராமரோட தோட்டத்த எடுத்து, அங்கயும் நெசவுக்காரங்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டைய உண்டாக்குனாங்க. கும்பினிக்காரன் என்ன தர்மப்பிரபுவா? கப்பல்ல ஏத்த அவனுக்குத் துணி வேணும். முன்பணம் குடுப்பான், கை நீட்டி வாங்கிட்டா வேற ஆளுக்கு ஒரு முழம் விக்க முடியாது. கிராதகன்தான். ஆனா அவனுக்குத் துணி நெசமாவே வேணும். இப்ப நம்ம சர்க்காருங்களுக்கு நெசவாளி மேல பாசம் நெறைய இருக்கு, துணி மேலதான் அவ்ளோ ஆசை இல்ல.

நன்றி கெட்டு பேசுறேன்னு நெனைக்காத. கோ-ஆப்டெக்ஸ் 1935-லேருந்து இருக்கு, தீபாவளின்னா 30 சதவீதம் தள்ளுபடி. வாங்குற உனக்கு லாபம். நெய்யுறவன் கூலி அந்தத் தள்ளுபடியால ஏறுதான்னு மட்டும் என்னைக் கேக்காத. எம்.ஜி.ஆர். 1983-ல இலவச வேட்டி சேலை கொண்டாந்தாரு. பொங்கலுக்கு ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை. நல்ல எண்ணம்தான். இப்ப அதுல பெரும்பங்கு ஓடுறது விசைத்தறியில.

கரண்டு கதையக் கேளு, சிரிப்பு வரும். 2023 மார்ச்லேருந்து கைத்தறிக்காரன் வூட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டு சும்மா. தறிக்குழியில ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. மத்தபடி காலும் கையும்தான் மோட்டாரு. அவன் பொழப்ப முழுங்குற விசைத்தறிக்கு எவ்ளோ தெரியுமா? 1000 யூனிட்டு. எலிக்கும் பூனைக்கும் ஒரே தட்டுல பால் ஊத்துன கதை. விசைத்தறிக்காரனும் கடன்காரன்தான், அவனுக்குக் குடுக்கறது தப்புங்கல. ரெண்டு பேரையும் ஒரே வேட்டிக்கு மோத வுட்டுட்டு மேடையில மாலை போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

மோத வுடக் கூடாதுன்னு சட்டமே இருக்குடா! 1985-ல போட்டது. மொதல்ல 22 ரகம் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்குனாங்க, அப்புறம் 11 ஆச்சு. பருத்திச் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. கைலியும் வருது. நாளைக்கு விடியக்காலம் காசிமேட்டு ஏலத்துக்குப் போ. கட்டம் போட்ட கைலி எத்தினின்னு எண்ணு, அதுல கைத்தறி எத்தினின்னு எண்ணு. ரெண்டாவது கணக்கு சீக்கிரம் முடிஞ்சிரும், வரும்போது வஞ்சிரம் வாங்கியா.

டெல்லிக்காரங்க இன்னும் கெட்டி. 2015-ல ஆகஸ்ட் 7-ஐ தேசிய கைத்தறி தினம்னு நம்ம மெட்ராஸ்லதான் வெச்சுத் தொடங்குனாங்க. 1905-ல சுதேசி இயக்கம் ஆரம்பிச்ச தேதியாம், சந்தோசம். 2020-ல அந்த நாளுக்குப் பதினோரு நாள் இருக்கச்சொல்ல, ஜூலை 27-ல அகில இந்திய கைத்தறி வாரியத்தையே கலைச்சிட்டாங்க. 1992-லேருந்து நெசவாளி கொறைய காதுல போட்டுக்க அந்த ஒரு எடமாச்சும் இருந்துச்சு. வாரியம் போச்சு, தினம் இருக்கு. தினத்துக்குச் சம்பளம் குடுக்க வேணாம் பாரு.

உனக்கு நான் சொல்ற யோசனை இதான். வருசத்துக்கு ஒரு நாள் வேட்டி கட்டி நெசவாளிக்கு மரியாதை பண்றது இருக்கட்டும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கறப்போ கைத்தறி முத்திரை இருக்கான்னு பாரு, கரையத் தடவு, கேட்ட வெலையக் குடு. ஓட்டு கேட்டு நம்ம தெருவுக்குள்ள வர்றவரு எந்தக் கட்சியா இருந்தாலும் காபி குடுத்து உக்கார வெச்சு ரெண்டே கேள்வி கேளு. அந்த 11 ரகச் சட்டத்த எப்ப கடைவீதிப் பக்கம் அனுப்புவீங்க? கூட்டுறவுச் சங்கத்துல நெய்யுறவனுக்கு ஒரு சேலைக்குக் கூலி என்னா? ரெண்டாவதுக்குப் பதில் தெரிஞ்சவரா இருந்தா, தயங்காம ஓட்டுப் போடு.