அரைவேக்காட்டுக்கு ஆரத்தி

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுகளில் ஒன்று, வெளிவந்து நாளான பிறகும் படைத்தவர்கள் கைவிடாமல் பாசத்தோடு பராமரிக்கும் விளையாட்டுக்கானது. 2022இல் அதை வென்றது ‘சைபர்பங்க் 2077’. ஓட்டுப் போட்டவர்கள் நடுவர்கள் அல்ல, காசு கொடுத்து வாங்கி விளையாடிய அதே ஜனங்கள். முழு விலையை வாங்கிக்கொண்டு பாதிச் சரக்கைக் கொடுத்தவன், மீதியைத் தவணை தவணையாகக் கொண்டுவந்து தருகிறான். நாம் வாசலில் கற்பூரத் தட்டோடு நிற்கிறோம். இதற்குப் பெயர் பாசமாம். எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் எடை குறைத்ததற்கு இப்படி யாரும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் இந்த மாலையின் மணம் புரியும். போலந்தின் வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் இந்த விளையாட்டை அறிவித்தது 2012 மே மாதத்தில். 2013 ஜனவரியில் ஒரு முன்னோட்டம் வந்தது. அதில் வெளியீட்டுத் தேதி கிடையாது, தயாரானதும் வரும் என்று மட்டும் சொன்னார்கள். அந்த நிறுவனம் சொன்ன வார்த்தைகளிலேயே நாணயமானது அதுதான். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் புகை மூட்டத்துக்கு நடுவே ஹாலிவுட் நடிகர் கீயானு ரீவ்ஸை நடக்கவிட்டு, 2020 ஏப்ரல் 16 என்று நாள் குறித்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. பிறகு ஏப்ரல் செப்டம்பர் 17 ஆனது, செப்டம்பர் நவம்பர் 19 ஆனது. அக்டோபர் 5ஆம் தேதி, வேலை முடிந்தது, தட்டு அச்சுக்குப் போகிறது என்று கொண்டாடினார்கள். அதே அக்டோபர் 27ஆம் தேதி, இன்னும் 21 நாள் வேண்டும் என்றார்கள். முடிந்த வேலைக்கு எதற்கய்யா 21 நாள் என்று கேட்டவனை ரசிகர்கள் கல்லால் அடிக்காத குறை.

இதற்கிடையில், ஊழியர்களைக் கட்டாயப்படுத்தி மிகைநேரம் வேலை வாங்க மாட்டோம் என்று 2019இல் ஊடகத்துக்குச் சத்தியம் செய்த நிர்வாகம், 2020 செப்டம்பர் கடைசியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று உத்தரவு போட்டது. பெருங்கம்பெனிகள் மனிதர்களைச் சக்கையாகப் பிழிந்து போடும் ஒரு நகரத்தின் கதையைச் சொல்வதற்காக! அந்தக் கதையில் கீயானு ரீவ்ஸ் ஏற்ற ஜானி சில்வர்ஹேண்ட், கம்பெனிகளை எதிர்த்து மூச்சுவிடாமல் முழங்குகிறார். அந்த முழக்கத்தைக் கேட்க நுழைவுக் கட்டணம் 60 டாலர்.

2020 நவம்பரில் முதலீட்டாளர்கள் கேட்டபோது, பழைய கன்சோல்களில் விளையாட்டு வியக்கத்தக்க விதத்தில் நன்றாகவே ஓடுகிறது என்றார் நிறுவனத் தலைவர். வியப்பு உண்மைதான், நாங்களும் வியந்தோம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டும்தான் போனது. அதிலும் அவர்கள் தாங்கள் விளையாடியதைப் பதிவுசெய்து காட்டக்கூடாது, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளை விற்பனை நாள்வரை வெளியாள் யாரும் விமர்சனத்துக்குத் தொட்டதில்லை. பெண் பார்க்கப் போனவனிடம் தங்கையைக் காட்டி அக்காவைக் கட்டிவைப்பது பழைய சினிமாக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10 வந்தது. கதை நடக்கும் நைட் சிட்டியின் தெருவில் ஜனங்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிலுவையில் அறைந்தாற்போல் அசையாமல் நின்றார்கள். மரங்கள் கட்டடத்துக்குள்ளும் காருக்குள்ளும் முளைத்தன. நம் நாயகனோ நாயகியோ பைக்கில் பறக்கும்போது, மறைக்க வேண்டிய உறுப்பு கால்சட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து காற்று வாங்கியது. பழைய கன்சோலில் முகங்கள் பிசைந்த மாவாகத் தெரிந்தன, சற்று நேரம் கழித்துக் கண்ணும் மூக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. ஆளில்லாத மொட்டைமாடியில் நின்று நாலு குண்டு சுட்டால், மூன்றாம் அடியில் முதுகுக்குப் பின்னால் போலீஸ் முளைக்கும். படியேறி வரவில்லை, ஹெலிகாப்டரில் இறங்கவில்லை, சும்மா முளைக்கும். அதே போலீஸ், நாம் காரில் ஏறித் தெருமுனை திரும்பினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். துரத்திவர அதற்குக் கார் ஓட்டத் தெரியாது. 2001இல் வந்த ஜிடிஏ 3 விளையாட்டில் போலீஸுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளலாம், நானும் சிரித்தேன். சேமிப்புக் கோப்பு விவகாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கணினியில் ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பு 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போய்விடும், திறக்கவே திறக்காது. கீழே விழுந்த துப்பாக்கி, சட்டை, கம்பி, காயலான் சாமான் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்ப்பதையே வேலையாக வைத்த விளையாட்டு இது. அதைப் பொறுப்பாகச் செய்தவனின் கோப்புதான் முதலில் வீங்கியது. புகார் போனதும் அதிகாரபூர்வமாக அறிவுரை வந்தது: கையில் சாமான்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே தாண்டிவிட்டால் பழைய கோப்பிலிருந்து ஆடுங்கள். டிசம்பர் 23 வாக்கில் அந்த வரம்பை நீக்கினார்கள். அதற்கு முன் கெட்டுப்போன கோப்புகள் கெட்டவைதான், பல நாள் இரவோடு சேர்த்து.

இன்னொன்றில் சிரிக்க எதுவுமே இல்லை. கதையில் அடுத்தவர் நினைவுக்குள் நுழைய ஒரு தலைக்கவசம் மாட்டுவார்கள். அதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் படபடவென்று வெட்டும். வலிப்பு நோய் உள்ள ஒரு விமர்சகருக்கு, விளையாடும்போதே வலிப்பு வந்தது. அந்த விளக்கு, மருத்துவர்கள் சோதனைக்காக வலிப்பைத் தூண்டப் பயன்படுத்தும் கருவியை ஒத்திருக்கிறது என்று அவர் எழுதிய பிறகுதான் எச்சரிக்கைப் பலகை வந்தது, விளக்கின் வேகம் குறைந்தது. இப்படி எழுதியதற்காக அந்தப் பெண்ணுக்கு இணையத்தில் கிடைத்தது என்ன தெரியுமா? வலிப்பைத் தூண்டும் காட்சிகளையே சிலர் தேடிப்பிடித்து அவருக்கு அனுப்பினார்கள். இன்னொரு விமர்சகர் 10க்கு 7 கொடுத்தார். வெளியீட்டுக்கு முன்பே, தாங்கள் ஒரு நிமிடம்கூட ஆடிப் பார்த்திராத விளையாட்டுக்காக, கூட்டம் அவரைக் குதறியது. ஒரு கம்பெனிக்குச் சம்பளமில்லாத அடியாள் வேலை பார்ப்பதில் இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வருகிறதோ!

மன்னிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தனிச் சுவை. 2020 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் நிர்வாகம் ஒப்புக்கொண்டது: பழைய கன்சோல்களுக்கு இன்னும் அவகாசம் தேவை என்ற அறிகுறிகள் தெரிந்தன, நாங்கள் பொருட்படுத்தவில்லை. 2021 ஜனவரியில் விளையாடுபவர்களுக்காக வெளியிட்ட வீடியோவில் நிறுவனர் சொன்னது: நீங்கள் அனுபவித்த சிக்கல்களில் பெரும்பகுதி எங்கள் சோதனைகளில் தென்படவில்லை. பணம் போட்டவனிடம் ‘தெரிந்தது’, பணம் கொடுத்து வாங்கியவனிடம் ‘தெரியவில்லை’. ஒரு மாத இடைவெளியில் இரண்டு நாக்கு. கன்சோல் பழசாகிவிட்டது, என்ன செய்ய என்று வக்காலத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு தகவல்: பிளேஸ்டேஷன் 4 என்ற ஒன்றை சோனி அறிவித்ததே 2013 பிப்ரவரியில்தான். விளையாட்டு அதற்கும் மூத்தது.

பணம் திரும்ப வேண்டுமா, சோனியிடமும் மைக்ரோசாஃப்டிடமும் கேளுங்கள் என்று கைகாட்டினார்கள். இதற்காக அவர்களோடு தனி ஏற்பாடு ஏதும் செய்திருந்தார்களா என்றால், இல்லை. கடுப்பான சோனி, ஒரு வாரத்தில் விளையாட்டையே கடையிலிருந்து தூக்கியது. மறுபடி உள்ளே வந்தது 2021 ஜூன் 21இல். ஆனாலும் 2020 முடிவதற்குள் 1 கோடியே 37 லட்சம் பிரதி விற்றாகிவிட்டது. ஏமாற்றப்பட்டோம் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு 18.5 லட்சம் டாலர் தரவும் நிறுவனம் சம்மதித்தது. அவசரப்பட்டு மகிழ வேண்டாம், அது பங்கு வாங்கியவர்களுக்கு. விளையாட்டு வாங்கியவர்களுக்குப் பேட்ச்.

பேட்ச், அதாவது விற்ற பிறகு இணையத்தில் அனுப்பும் திருத்தம்! இந்த ஒரு சொல்லை நம்பித்தான் இன்று தொழிலே நடக்கிறது. பந்தியில் எல்லாரையும் உட்காரவைத்து, இலை போட்டு, மொய்யும் வாங்கிக்கொண்ட பிறகு அரிசி களைய ஆரம்பிக்கிறார்கள். தட்டில் அச்சடித்து விற்ற காலத்தில் பிழையோடு போனால் பிழையோடுதான் நிற்கும், அந்தப் பயம் வேலை வாங்கியது. இணையம் வந்து அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. 2018இல் ‘ஃபால்அவுட் 76’ஐ ஓட்டையும் உடைசலுமாக விற்ற பெதஸ்டா நிறுவனம், 200 டாலர் பதிப்போடு கான்வாஸ் பை தருவதாகச் சொல்லி நைலான் பையைக் கொடுத்தது. முதலில் அறிவித்த நஷ்டஈடு, விளையாட்டுக்குள் செலவழிக்க 5 டாலர் மதிப்புள்ள செல்லாக் காசு. 2023இல் வந்த ‘கொல்லம்’ விளையாட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவர்கள், தாங்கள் விற்ற விளையாட்டின் பெயரையே அதில் தப்பாக எழுதினார்கள். அந்தக் கடிதத்துக்கும் ஒரு பேட்ச் விட்டிருக்கலாம்.

சரி, அவர்களை மட்டும் திட்டி என்ன பயன். சைபர்பங்கை வெளிவருமுன்பே பணம் கட்டிப் பதிவுசெய்தவர்கள் 80 லட்சம் பேர். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சரக்கு தீர்ந்துபோகுமா? வரிசையில் பின்னால் நின்றால் கிடைக்காமல் போய்விடுமா? பார்க்காத பொருளுக்கு முன்பணம் கட்டிவிட்டு, வந்த பிறகு சோதனையாளன் வேலையையும் நாமே இலவசமாகப் பார்த்து, பிழைகளைப் படமெடுத்து அனுப்பி, சரிசெய்ததும் நன்றி சொல்லி, விருதுக்கு ஓட்டும் போடுகிறோம். இப்படி ஒரு வாடிக்கையாளன் வாய்த்தால் நான்கூட நாளைக்கே விளையாட்டுக் கம்பெனி ஆரம்பிப்பேன்.

2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்தது. கூடவே ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் கதையும், அதற்குத் தனி விலையோடு. விளையாட்டு இப்போது பிரமாதம் என்கிறார்கள். ஆமாம், பிரமாதம்தான். போலீஸ் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு துரத்தி வருகிறது. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் தொடர்ந்து வளரும் விளையாட்டுக்கான விருதும் கிடைத்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

ஆனால் 2.0 வந்தது கணினிக்கும் புதிய கன்சோல்களுக்கும் மட்டும்தான். கடையைவிட்டே தூக்கும் அளவுக்கு நாறிப்போன பிளேஸ்டேஷன் 4 பதிப்பை வாங்கினார்களே, யாரிடம் நிறுவனம் கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டதோ, அவர்களுக்கு வந்த கடைசிப் பெரிய பேட்ச் 2022 செப்டம்பரின் 1.6. அதோடு கணக்கு முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்தால் அதற்கான பதிப்பு முற்றிலும் இலவசம் என்று பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார்கள். தட்டு போடும் வசதியுள்ள அந்தப் பெட்டி சந்தைக்கு வந்தபோது விலை 499 டாலர். அதை வாங்க வசதியில்லாதவனின் நைட் சிட்டியில் போலீஸுக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது.