மோர் வராத பந்தி

கேஸ் புக் பண்ண ஃபோனை எடுக்கிறவன், முக்கால் மணி நேரம் கழித்து, ஜப்பானில் தர்பூசணியைச் சதுரமாக வளர்ப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு கீழே வைக்கிறேன். சிலிண்டர் மட்டும் புக் ஆகியிருக்காது. "அதுக்கு அடுப்பு வேண்டாமே, ராத்திரிக்கு அதையே சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல என்பது என் கட்சி. முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இடைவெளியில் மனசாட்சி லேசாக எட்டிப் பார்க்கும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தள்ளத் தள்ளத் தீராத பக்கத்தை உருவாக்கினார். கல்யாணப் பந்தியில் மோர் வந்தால் கைகழுவ எழுந்துவிடலாம். இது மோரே வராத பந்தி. பின்னாளில் அவரே இதற்காக வருந்தினார். அந்த வருத்தத்தையும் நான் வீடியோவில்தான் பார்த்தேன். முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடியது.

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து ஆராய்ந்தவர். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாவிட்டால் புறா ஓயாமல் கொத்துமாம். தீனியை நிறுத்தினாலும் லேசில் விடாதாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை அவர் பார்த்திருந்தால் புறாக்களைச் சிரமப்படுத்தியிருக்க மாட்டார். ரோஜாப்பூ குட் மார்னிங், பிள்ளையார் குட் மார்னிங், வெந்தயத்தின் மகிமை, மறுபடி ரோஜாப்பூ. திடீரென்று ஒருநாள் சித்தப்பா வீட்டுப் பாகப்பிரிவினைச் சண்டை, வாய்ஸ் மெசேஜோடு! அதற்காகத்தான் இத்தனை வருஷமாக வெந்தயத்தைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மாதிரிப் பழக்கங்களுக்கென்றே 2014-இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். என் வியாதிக்கு டிபார்ட்மெண்டே இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். "முதல்ல கேஸைப் புக் பண்ணுங்க" என்றாள்.

வைத்தியங்கள் செய்யாமல் இல்லை. ஃபோனிலேயே நேரக் கட்டுப்பாடு வைத்தேன். விதித்தவனும் நானே, விலக்கு அளிப்பவனும் நானே என்பதால் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். கண்ணை இழுப்பதே புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் சிவப்புப் புள்ளிதானே, அது சாம்பலானால் கை அவ்வளவாகப் போகாது என்று ஒரு யோசனை. உண்மையிலேயே கொஞ்சம் பலித்தது. சமையல் வீடியோவில் பிரியாணியும் சிமெண்டுக் கலவையும் ஒன்றாகத் தெரிந்தால் யார் பார்ப்பது?

அந்த நேரம் பார்த்து, தங்கையோடு ஜவுளிக்கடைக்குப் போன மனைவி இரண்டு பட்டுப்புடவைகளைப் படமெடுத்து அனுப்பி, "எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். உற்றுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல். "ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு" என்று பதில் போட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்று அரக்கு, மற்றது மயில்கழுத்து. பணம் போன விவரத்தைச் சொல்லும் வங்கிச் செய்தி மட்டும் எந்தச் சேதாரமும் இல்லாமல் தெளிவாக வந்து சேர்ந்தது.

ராத்திரியே கலரைத் திரும்பக் கொண்டுவர உட்கார்ந்தேன். மனைவி ஃபோனை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"உடம்புக்கு நல்லதுன்னீங்களே, அப்படியே இருக்கட்டும். தீபாவளி வேற வருது."