முன்கூட்டியே தடுமாறியதற்கு மன்னிப்புக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்.

பெறுநர்:
எட்டு வயதுக்குக் கீழே குனிந்து பார்க்காத உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: உரிய வயது வருமுன்பே வாசிக்கத் தடுமாறிய குற்றத்தை மன்னித்தருள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16.
2. கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டுதல்.
3. எதிர்வீட்டு அத்தையின் பார்வை.

ஐயா,

வணக்கம். பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும் என்கிறது பார்வை 1. மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது பள்ளி சோதித்துப் பார்க்கட்டும், எட்டு வயது ஆனால்தான் சான்றிதழ் என்கிறது பார்வை 2. ஆக, 'கூடிய விரைவில்' என்றால் அலுவலக அகராதியில் எட்டு வருடம். இதைப் படிக்காமல் என் மகன் நாலு வயதிலேயே அவசரப்பட்டுவிட்டான்.

அப்போது தக்காளி அவனுக்குக் 'கத்தாளி'. நாங்கள் சிரித்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டோம். திங்களுக்கு அடுத்து எந்தக் கிழமை என்றால், ஐந்தரை வயதிலும் வெள்ளிக்கும் புதனுக்கும் தாவிக்கொண்டிருந்தான். 'மரம்' எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று கேட்டால், "இலையிலிருந்து" என்றான். கவிஞன் பிறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். எழுத்துக்கு முன்னால் சத்தம் பிடிபடவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் பாடத்தைக் கடகடவென்று வாசித்தான். ஒருநாள் விரல் ஒட்டி இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. யானைப் படம் போட்ட பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் கிணற்றுத் தவளையை வாசித்தான். புத்தகம் முழுவதும் காதால் மனப்பாடம். இந்த ஞாபகசக்திக்கு மக்கு என்று பேர்.

நம் எழுத்தும் லேசுப்பட்டது அல்ல, ஐயா. 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல். "முன்னாடி நிக்கிறத ஏம்மா பின்னாடி சொல்லணும்?" என்று கேட்டான். 247 எழுத்தையும் கற்ற எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்குத் தெரிந்திருந்தது: 'கொக்கு' நூறு தடவை இம்போசிஷன். எண்பதாவது கொக்குக்கு மேல் எல்லாம் 'கெக்கு' ஆகிவிட்டன.

"வாய் இருக்கு, வங்காளம் போயிடுவான். நோட்டுதான் காலி," என்றார் வகுப்பு டீச்சர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இதற்கென்று ஒருநாள் பயிற்சியும் இல்லாமல் அவர் என்ன செய்வார்? "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் படிப்பாங்க," என்பது பார்வை 3. அதற்கும் பார்வை 2-க்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

சான்றிதழுக்கு எட்டு வயது ஏன் என்பது எனக்கும் விளங்குகிறது. இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்காமல் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று முத்திரை குத்த முடியாது. சரி, முத்திரை வேண்டாம். சத்தத்தைப் பிரித்துக் காட்டி, எழுத்தோடு கோத்து, தினம் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முத்திரை எதற்கு? குழந்தை இருமினால் காசநோய்ச் சான்றிதழ் வரும்வரை வெந்நீர் தராமலா இருக்கிறோம்?

ஆகவே, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

அ. இனி எட்டாவது பிறந்தநாள் கேக் வெட்டிய பிறகே தடுமாறுமாறு எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பலாம்.

ஆ. அதுவரை 'மக்கு', 'சோம்பேறி', 'கவனம் போதாது' ஆகிய சான்றிதழ்களை நிறுத்திவைக்கலாம். இவற்றுக்கு மட்டும் வயது வரம்பே இல்லை. ஆறு வயதிலேயே கையில் கிடைத்துவிடுகின்றன.

இ. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறீர்கள், நன்றி. அதில் கொஞ்சத்தை முன்பணமாக ஒன்றாம் வகுப்பிலேயே தர இயலுமா?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அவன் அம்மா.

பின்குறிப்பு: இந்தக் குறைபாடு பரம்பரையாகவும் வரும் என்கிறார்கள். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்தும் வேண்டுமே என்று இவரிடம் நீட்டினேன். "கண்ணாடி எங்கேயோ வச்சிட்டேன், நீயே படிச்சுச் சொல்லு," என்றார். அவருக்குக் கண்ணாடி கிடையாது, ஐயா.