டொமைனியல்: பாயிரம் முதல் புதுப்பித்தல் வரை

பெயர் வைப்பதில் தமிழர் காட்டும் அக்கறையை ஆராய்ந்தோர் குழந்தை, வீடு, கடை, கட்சி ஆகிய நான்கோடு நிறுத்திக்கொண்டனர். ஐந்தாவதான டொமைன் ஆய்வுலகின் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: சிறுவணிகர்கள் இணையதளத்துக்குப் பெயர் பிடிக்கும் நிகழ்வு. ஆய்வு முறை: பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தல்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் வலையில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஒரே கோப்பில் இருந்தன. கோப்பு வீங்கியது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றுள்ள பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்குப் பதிவு இலவசம். 1995இல்தான் இரண்டு ஆண்டுக்கு நூறு டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். தாத்தா அண்ணாசாலையில் இடம் வாங்கிப் போடவில்லையே என்று குறைப்படும் பேரர்கள், அப்பா அந்தப் பத்தாண்டில் என்ன செய்தார் என்பதையும் விசாரிக்கலாம்.

இனி இலக்கணம். டொமைன் ஒரு பகுபதம். முன்னிற்பது பகுதி, பின்னிற்பது விகுதி, நடுவே புள்ளி. பகுதிக்கு உச்ச எல்லை 63 எழுத்து. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவை மட்டுமே வரும். சிறுகோடு மொழிக்கு முதலிலும் வாராது, இறுதியிலும் வாராது. தொல்காப்பியர் டகரத்தைச் சொல்லின் தலையில் நிற்க விடாதது போல என்க. எண் முதலில் வருமோ எனின், பழைய விதிப்படி வாராது. 1989இல் விதியைத் தளர்த்தி வரவிட்டனர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் இல்லை.

இந்தக் கடைசி விதியில்தான் ஆய்வாளர் சற்று உட்கார வேண்டும். ஓலைச்சுவடியிலும் சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. புள்ளி இடுவதில்லை. எகரமா ஏகாரமா என்பது படிப்பவர் பாடு. உ.வே.சாமிநாதையர் போன்றோர் அவற்றைக் கண் நோகப் பிரித்துப் படித்துப் பதிப்பித்தார்கள். அச்சு வந்து ஒழிந்த அத்தொல்லையை நாம் ஆண்டுச் சந்தா கட்டி மீட்டுக்கொண்டோம்.

சான்றாக, கே, ஏ, எல் என்னும் மூன்றெழுத்துச் சுவடி. இதனைக் கல் என்பர் ஒரு சாரார். கால் என்பர் இன்னொரு சாரார். கள் என்றும் பாடம். கிரானைட் வியாபாரிக்கு முதற் பாடம் உகந்தது, மூட்டுவலி வைத்தியருக்கு இரண்டாவது. மூன்றாம் பாடத்தை நாடித்தான் கூட்டம் வரும். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. பி, ஏ, எல் என்பதற்குப் பல் மருத்துவரும் பால் பண்ணைக்காரரும் போட்டியிடுவர். கே, ஏ, டி, ஏ, ஐ கடையாகலாம், காடையாகலாம், கடாயும் ஆகலாம். பாத்திரம் விற்பவர் முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே பெயரில் அடக்கிவிடுவார். காடை கேட்டு வருகிறவரைச் சமாளிப்பது அவர் சாமர்த்தியம்.

ழகரத்துக்குத் தனி ஆய்வேடே வேண்டும். கோழி வறுவல் விற்பவர் எல் போட்டால் கிரிக்கெட் ரசிகர் வந்து நிற்பார். இசட், எச் போட்டால் தமிழரும் மலையாளிகளும் கோழி என்பார்கள். மற்றவர் வாயில் அது எப்பறவையும் அல்ல. இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. பெயரைத் தொலைபேசியில் பெரியப்பாவிடம் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். 'இசட் ஃபார் ஜீப்ரா' என்று விளக்கம் தொடங்கினால் பெயர் தோற்றது. இக்கட்டுரையாளர் கவனித்தவரை தேறிய பெயர்கள் மிகக் குறைவு. தேறியவையும் ஏற்கெனவே யாரோ வாங்கியவை.

இந்தச் சோர்வான கட்டத்தில்தான் எண்கணித நிபுணர் நுழைகிறார். கூட்டுத்தொகை எட்டு, ஆகாது, ஓர் ஏ சேருங்கள் என்கிறார். கடைப் பலகையில் கூடுதல் ஏ யாருக்கும் தொந்தரவு தராது. டொமைனில் அது வேறொரு விலாசம். நாவுக்குப் பழகிய பெயரைத் தட்டுகிற வாடிக்கையாளர் ஏ இல்லாத பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

விகுதி இயலில் டாட் காம் நெரிசலான தெரு. டாட் இன் 2005இல்தான் எல்லாருக்கும் தாராளமாகத் திறந்தது. டாட் ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு என்று நம்மவர் கருதுகின்றனர். அது அங்குவிலா என்ற கரீபியன் தீவின் விகுதி, இன்று அத்தீவின் அரசு வருமானத்தில் கணிசமான பங்கு அதிலிருந்தே வருகிறது. தமிழில் விகுதி இல்லையோ எனின், உண்டு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என மூன்று நாட்டுக்கும் தமிழ் எழுத்திலேயே. உள்ளே கணினி அதை எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் வெளியே தமிழ். எங்கள் கடைத்தெருவின் ஒரு பலகையிலும் அதை இன்னும் காணோம்.

அடுத்தது முகூர்த்தம். செவ்வாய் கழியட்டும் என்று காத்திருந்து, புதன் அதிகாலை நாலரைக்குப் பிரம்ம முகூர்த்தத்தில் பணம் கட்டுகிறார் ஒருவர். பதிவேடு உலகப் பொது நேரப்படி எழுதப்படுவது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. எனவே அவருடைய டொமைன் செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிறந்ததாகவே நிரந்தரமாக இருக்கும். சோதிடர்கள் இதற்கொரு பரிகாரம் சொல்ல வேண்டும்.

இனி, உடைமை. 'டொமைன் வாங்கிட்டேன்' என்பது வழக்கு. அற்றன்று. இது குத்தகை. ஒரே தடவையில் பத்தாண்டுக்கு மேல் எவருக்கும் கிடையாது. அந்தக் குத்தகையும் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பியின் மின்னஞ்சலில் இருக்கிறது. தம்பி நல்லவர். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அவ்வளவுதான். காலம் முடியும் முன் குறைந்தது இரண்டு நினைவூட்டலாவது அனுப்ப வேண்டும் என்பது டாட் காம் பதிவாளர்களுக்கு உள்ள விதி. அவர்கள் அனுப்பினார்கள். தம்பிக்குப் போனது.

காலாவதியான டாட் காம் பெயர் உடனே செத்துவிடாது. பதிவாளர் 45 நாள் வரை பொறுக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்கக் கட்டணம் பல மடங்கு. பிறகு ஐந்து நாள் எவராலும் தொட முடியாது. அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நல்ல பெயராக இருந்தால் எடுத்துக்கொள்ள இயந்திரங்களே காத்திருக்கும்.

சின்ன ஆட்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காமுக்கு 35 டாலர் கட்ட மறந்தது. அதன் வழியே நுழையும் ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. லினக்ஸ் பக்கத்து ஆள் ஒருவர் தன் கார்டில் கட்டிச் சரிசெய்தார். 2015இல் கூகுளின் முன்னாள் ஊழியர் ஒருவர் கூகுள் டாட் காமையே 12 டாலருக்கு வாங்கி ஒரு நிமிடம் சொந்தக்காரராக இருந்தார். கூகுள் திரும்பப் பெற்று அவருக்கு 6,006.13 டாலர் பரிசளித்தது. எண்களை எழுத்தாகப் பார்த்தால் அதன் பெயரே தெரியும். அவர் அதைத் தருமத்துக்குக் கொடுக்க, கூகுள் தொகையை இரட்டிப்பாக்கியது. உங்கள் பெயரை எடுத்தவர் அத்தனை நல்லவராக இருப்பார் என்று இவ்வாய்வு உறுதி கூறாது.

ஆகவே வாசகர்கள் தம் பதிவுக் கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிட வேண்டுகிறோம். தம்பியுடையது என்றால், அவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போதே பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.