பூசணிக்காய் ரெண்டாம் தரம்!

திருவண்ணாமலையில் கிறிஸ்தவனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கொடுக்கிற விஷயத்தில் இந்த ஊரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். சாம்பார் சாதம், சுண்டல், மோர் என்று வழிமறித்துக் கொடுப்பார்கள். “வயிறு ரொம்பிடுச்சுங்க” என்றால், “பரவால்ல சாமி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போடுகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். கொடுப்பதற்கே மனுப் போடுகிற ஊர்!

எங்கள் சர்ச்சில் அப்படி யாரும் மனுப் போட்டதாகப் பொருளாளர் சொன்னதில்லை. காணிக்கைப் பை நெருங்கும்போது சிலர் கண்மூடி ஆழ்ந்த ஜெபத்தில் இறங்கிவிடுவார்கள். பை அடுத்த வரிசைக்குப் போனதும் ஆமென். சிலருடைய கை இறுக மூடியபடி பைக்குள் போய், விரிந்தபடி வெளியே வரும். நடுவில் நடந்தது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சில்லறை இல்லை என்ற சாக்கை ஒழிக்க வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் மட்டும் யாருக்கும் டவர் கிடைப்பதில்லை.

இதே ஆட்களை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பார்க்க வேண்டும். வாழைத்தார், தேங்காய், நாட்டுச் சேவல், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் வரிசையாக இருக்கும். சந்தையில் 40 ரூபாய் பூசணிக்காயை அரைமணி நேரம் பேரம் பேசி 30க்கு வாங்குகிறவர் என் மச்சான். அவர் எழுந்து “ஐந்நூறு!” என்றார். எனக்குப் பூசணிக்காய் பிடிக்காது. ஆனாலும் மச்சான் சொன்ன பிறகு சும்மா உட்கார முடியுமா? “அறுநூறு!” பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி பார்த்த பார்வைக்கு, வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம் என்று அர்த்தம். கடைசியில் ஆயிரத்துக்கு ஜெயித்த மச்சான், “சர்ச்சுக்கே கொடுத்துடறேன், மறுபடி ஏலம் விடுங்க” என்று சொல்லிவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். அந்தப் பூசணிக்காய் சாயங்காலத்துக்குள் மூன்று முறை விலைபோனது. சமைத்தவர் யாருமில்லை.

“இது காணிக்கையா, கௌரவமா?” என்று கேட்கும் பெரியவர்கள் எங்களிடமும் உண்டு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். நியாயம்தான். அப்படிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊரின் டேனிஷ் மிஷன் பள்ளிக்குப் பின்னால், திருவண்ணாமலையைக் கண்ணால் பார்க்காத டென்மார்க் மக்களின் காசு இருக்கிறது. 1903இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணமே போதும் என்றார்கள். என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைப்பாள். பிடியரிசிக் காணிக்கைக்கு ஏலக்காரர் தேவைப்படவில்லை.

எங்களுக்குத் தேவைப்படுகிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பவுல் அப்போஸ்தலர்தான் தைரியம் கொடுத்தார். உற்சாகமாகக் கொடுப்பவர்மேல் கடவுளுக்குப் பிரியம் என்று அவர் எழுதியது கொரிந்தியருக்கான இரண்டாம் நிருபம், 9ஆம் அதிகாரம். காணிக்கைப் பிரசங்கம் எல்லாம் அந்த வசனத்தோடு நின்றுவிடும். கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டும் பவுல், கொரிந்தியரிடம் மக்கெதோனியரைப் புகழ்கிறார்: வறுமையிலும் சக்திக்கு மீறிக் கொடுத்தார்களாம். மக்கெதோனியரிடம் கொரிந்தியரைப் புகழ்கிறார்: போன வருஷமே தயாராகிவிட்டார்களாம். பிறகு கொரிந்தியரிடம், மக்கெதோனியர் என்னோடு வந்து பார்க்கும்போது நீங்கள் தயாராக இல்லாவிட்டால் நம் எல்லாருக்கும் மானக்கேடு என்கிறார். போதாக்குறைக்கு, ஏற்பாட்டைக் கவனிக்க முன்கூட்டியே ஆளும் அனுப்புகிறார். மக்கெதோனியா ஒரு தரம்! கொரிந்து, நீங்க என்ன சொல்றீங்க?

பலித்ததா? பலித்தது. ரோமருக்கு எழுதும்போது, மக்கெதோனியாவோடு, கொரிந்து நகரம் இருக்கும் அகாயா நாடும் விருப்பத்தோடு கொடுத்தது என்கிறார்.

மனம் முதலில் மலர்ந்து, கை பிறகு நீள்வது பாட்டிகளின் வழி. எங்களுக்குக் கை முதலில் நீள வேண்டும். சிரிப்பு பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அதனால் போதகர் ஐயாவுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். அடுத்த பண்டிகையில் நீண்ட பிரசங்கம் வேண்டாம். என் மச்சானை எனக்கு எதிர் வரிசையில் உட்காரவைத்தால் போதும்.